டர்பனில் என் தலைப்பிரசவம்: வியாழன் இரவு தொடங்கி சனி சாயந்திரம் வரை

டர்பன் மருமகள்:

வியாழன் இரவு வலி எடுத்தது. சனிக்கிழமை சாயந்திரம்தான் பிள்ளை பிறந்தான். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் பிரசவ நேரம் என்று எழுதியிருப்பது இதில் பாதிகூட வராது. மிச்ச நேரமெல்லாம் எங்கே போச்சு என்று சிஸ்டரிடம் கேட்டேன். அதெல்லாம் 'லேட்டன்ட் ஃபேஸ்' என்றார். கர்ப்பப்பை வாய் இளகி, மெதுவாகத் திறக்க ஆரம்பிக்கும் காலம். இதற்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டலில், 5 செ.மீ. திறந்த பிறகுதான் 'ஆக்டிவ்' கட்டம். இதைக் கர்ப்பமாக இருந்த மாதங்களில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் என் பயத்தில் பாதி குறைந்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி செக்கப்பில் டாக்டர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "ஈஸ்டர் லீவு வருகிறது, அதற்கு முன்னால் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். இங்கே தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் பாதிக்கு மேல் சிசேரியன்தான், அவருக்கு அது சாதாரணக் கேள்வி. ஆபரேஷன் செய்துகொண்டவர்களை நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கோ குழந்தைக்கோ ஒரு காரணம் இருந்தால் சரி, காலண்டருக்காக எதற்கு? காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அம்மாவுக்கு விசா வந்து சேரவில்லை. இங்கே நள்ளிரவு என்றால் ஊரில் மூன்றரை மணி. போன் அடித்ததும் எடுத்துவிட்டார், தூங்கியிருக்கவே மாட்டார் போல. "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி வெச்சுக் குடி, அடங்கிடும்" என்றார். குடித்தேன், அடங்கவில்லை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்து முறுக்கிவிட்டுப் போனது. வெள்ளி காலை மருத்துவமனைக்குப் போனால், பரிசோதித்துவிட்டு 2 செ.மீ. என்றார்கள். "வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு." தூங்குவதா! காரில் வரும் வழியெல்லாம் அழுதேன். இவரும் பாவம், ரோட்டைப் பார்ப்பாரா என்னைப் பார்ப்பாரா. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாக் கூட்டம் வேறு, வண்டி நகரவே இல்லை.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் பக்கத்து ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் ஆன்ட்டி விபூதியும் ஒரு பிளாஸ்க் ரசமுமாக வந்து இறங்கினார். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த 'ட்ரூரோ' கப்பல் காலத்துக் குடும்பம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பேசுவது ஆங்கிலம், சாமி கும்பிடுவது தமிழ். என்னைப் படுக்க விடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்தார். வலி வரும்போதெல்லாம் முதுகின் அடியில், இடுப்பெலும்புக்கு நடுவே, முஷ்டியை வைத்து அழுத்தினார். மெல்லத் தடவிக் கொடுப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்கே கை வலிக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் எனக்கு மூச்சு வந்தது.

இரவு பனிக்குடம் உடைந்தது, மறுபடி ஓடினோம். 4 செ.மீ. எங்கள் டாக்டர் லீவில் போய்விட்டார், அவருக்குப் பதிலாக வேறொருவர். ஆனால் இரவு முழுக்க என்னோடு இருந்தது ஒரு ஜூலு சிஸ்டர். வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: குழந்தை தலை கீழேதான், ஆனால் முதுகு உன் முதுகோடு ஒட்டியிருக்கிறது, முகம் மேலே பார்க்கிறது, அதனால்தான் வலியெல்லாம் பின்பக்கம், அதனால்தான் தாமதம். பெரும்பாலும் தானே திரும்பிக்கொள்ளும், நாம் இடம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் அதைச் சொன்ன பிறகு வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் எதற்காக வலிக்கிறது என்று தெரிந்துபோச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்து முதுகில் வெந்நீர் விழ விட்டேன். பிறகு கட்டிலில் முட்டி போட்டு, கை ஊன்றி. பெதிடின் என்ற வலி மருந்து ஊசி போட்டார்கள்; வலி போகவில்லை, இரண்டு வலிக்கு நடுவே மட்டும் தூக்கம் சொக்கியது. சனி காலை 6 செ.மீ., அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் வந்து, வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் டிரிப் போடலாம், அதற்கு முன் எபிட்யூரல் (முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி) போட்டுக்கொண்டால் தாங்கலாம், அடுத்த பரிசோதனையிலும் நகரவில்லை என்றால் ஆபரேஷன் என்று மூன்றையும் தெளிவாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீராப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது.

எபிட்யூரல் போட்டதும் தூங்கினேன் பாருங்கள், வியாழனிலிருந்து தூங்காத தூக்கம். எழுந்தபோது முழுசாகத் திறந்திருந்தது, தலையும் திரும்பியிருந்தது. சிஸ்டர் "புஷா, மாமா, புஷா!" (முக்கு, அம்மா, முக்கு) என்கிறார், இந்தப் பக்கம் ஆன்ட்டி அவர் பாட்டி சொன்ன மாதிரியே "முக்கு கண்ணு, முக்கு" என்கிறார், இவர் கதவோரம் நின்று எனக்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் எனக்கு வலுவே இல்லை. பிள்ளையின் தலையில் கிண்ணத்தை ஒட்டி, வேக்கம் வைத்து, நான் முக்கும்போதே டாக்டர் இழுத்தார்.

பிள்ளையைப் பார்த்ததும் பதறிப்போனேன். தலை சுரைக்காய் மாதிரி நீண்டு, உச்சியில் ஊதா நிற வீக்கம். குறுகலான வழியில் மணிக்கணக்கில் நெருக்கிப் பிடித்ததில் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும், சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகிவிட்டது. என் தையல்தான் ஆற அதிக நாள் பிடித்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முதல் தடவை பாத்ரூம் போகப் பயந்த பயம் பிரசவத்துக்குக்கூடப் பட்டதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நர்ஸ் அக்கா:

நன்றாக எழுதியிருக்கிறாய்ம்மா. நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள், அதனால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே இருந்திருப்பார்களே, அதுதான் பார்ட்டோகிராம். அதில் மணிக்கு 1 செ.மீ. என்ற கணக்கில் ஏறும் 'எச்சரிக்கைக் கோடு', அதற்கு 4 மணி நேரம் தள்ளி 'செயல் கோடு' என்று இரண்டு கோடு உண்டு. திறப்பு அந்த இரண்டாம் கோட்டைத் தொட்டால் சும்மா காத்திருக்கக் கூடாது, டாக்டர் ஏதாவது முடிவு எடுக்க வேண்டும். இந்தக் கோடுகளை 1972-இல் கொண்டுவந்தவர்கள் ஃபில்பாட், காசில் என்ற இரண்டு டாக்டர்கள், அன்றைய ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே). எட்டத்தில் இருக்கும் கிளினிக்குகளில் தலைப்பிரசவக்காரிகள் நாள்கணக்கில் அவதிப்பட்டு, தாமதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பார்த்துத்தான் செய்தார்கள். ஃபில்பாட் பிறகு நம்ம டர்பனிலேயே பேராசிரியராக இருந்தார். இப்போது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் புதுத் தாள் ஒன்று கொடுத்திருக்கிறது. அதில் எல்லோருக்கும் மணிக்கு 1 செ.மீ. என்று எதிர்பார்ப்பதில்லை.

இரண்டாவது, வீட்டில் காத்திருப்பது நல்லதுதான், ஆனால் சில சமயம் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. குழந்தை அசைவு குறைந்தால், பனிக்குடத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், ரத்தம் கொட்டினால், கண் மங்கித் தலை பிளக்கிற மாதிரி வலித்தால், 2 செ.மீ. ஆனாலும் சரி, கிளம்பி வாருங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.

பிரிட்டோரியா வாசி:

எனக்கும் முகம் மேலே பார்த்த குழந்தைதான். ஆனால் கடைசி வரை திரும்பவில்லை, முழுசாகத் திறந்தும் இறங்கவில்லை, நடுராத்திரியில் ஆபரேஷன். அரசு மருத்துவமனை. நான் கர்ப்பமான பிறகுதான் இங்கே வந்தேன்; மெடிக்கல் எய்டில் (இங்கத்திய தனியார் மருத்துவக் காப்பீடு) அப்புறம் சேர்ந்தால் இந்தப் பிரசவத்துக்கு 12 மாதம் வரை பணம் தர மாட்டோம் என்று தள்ளிப்போடலாம். புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள். மெடிக்கல் எய்டு இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்று 2003 சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும் என்று 2023-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கவுண்டரில் பணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கவனிப்பில் குறை இல்லை, ஆனால் துணைக்கு யாரையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. உன் ஆன்ட்டியைப் பற்றிப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஏழாம் மாதம்:

எபிட்யூரல் போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறாரே என் மாமியார், உண்மையா அக்கா?

டர்பன் மருமகள்:

என் மாமியாரும் அதேதான் சொன்னார். மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டேன்: ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குக் கடும் தலைவலி வரலாம், வந்தால் உடனே சொல்ல வேண்டும், நீண்ட நாள் முதுகுவலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார். எனக்கு இப்போது முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குக் காரணம் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிற உங்கள் மருமகப்பிள்ளைதான். இதை டைப் அடிப்பதும் ஒற்றைக் கையால்தான்.