கருப்பை வாய் கெட்டியாக இருந்தால் நேராக ட்ரிப் ஏற்ற மாட்டார்களா?

நிறைமாதக்காரி:
தலைப்பிரசவம், 40 வாரம் தாண்டிவிட்டது. இன்று உள்பரிசோதனை செய்த டாக்டர், "வாய் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒரு விரல்கூட நுழையவில்லை. நாளைக்கு அட்மிட் ஆகுங்கள், ஜெல் வைத்துப் பார்ப்போம்" என்றார். ராத்திரியெல்லாம் அடிவயிறு இறுகி இறுகி விடுகிறது, ஆனாலும் வாய் அசையவில்லையாம். வலி வரவழைக்கத்தானே ஆக்சிடோசின் இருக்கிறது? அதை நேராக ட்ரிப்பில் ஏற்றினால் வாய் தானாகத் திறந்துகொள்ளாதா? முதலில் ஜெல், பிறகு ட்ரிப் என்று எதற்கு இரண்டு வேலை? அங்கேயே கேட்டிருப்பேன், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

லேபர் ரூம் சிஸ்டர்:
உண்மையிலேயே அது இரண்டு வேலைதான் அம்மா. கருப்பையின் மேல்பகுதி முழுக்கத் தசை. ஆக்சிடோசின் அந்தத் தசையைத்தான் சுருங்க வைக்கும். கருப்பை வாயில் தசை கொஞ்சம்தான். பெரும்பகுதி கொலாஜன் நார். நார் இளகாமல் மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் வாய் விரியாது. மணிக்கணக்கில் வலியைத் தாங்கி நீங்கள் துவண்டு போவீர்கள், குழந்தையின் இதயத் துடிப்பும் தடுமாறலாம், கடைசியில் ஆபரேஷனில் போய் முடியும்.

எங்கள் பயிற்சியில் ஒன்று சொல்லித் தருவார்கள். மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், பக்குவமாகாத வாய் அப்படி இருக்கும். உதட்டைத் தொட்டால் எப்படியோ, அதுதான் பக்குவமான வாய். விரலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. கருத்தரித்த கொஞ்ச நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டிவிடும். வாய் லேசாக மென்மையாகி, நீலம் பாய்ந்தாற்போல் தெரியும். ஆனால் திறக்காது. புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பிடித்து வைத்திருக்கும். வாய்க்குள் கெட்டியான சளி அடைத்துக்கொண்டு நிற்பதும் அதன் வேலைதான், கிருமி உள்ளே ஏறாமல் இருக்க. கடைசி வாரங்களில் வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகும்போதுதான் ஆட்டம் மாறும். கொலாஜனை அறுக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும், இழைகளுக்கு நடுவே நீர் கோத்து அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நாளைக்கு உங்களுக்கு வைக்கப்போகும் ஜெல்லும் அதே புரோஸ்டாகிளாண்டின் வகைதான்.

டாக்டர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மை எப்படி, பின்பக்கம் திரும்பியிருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போட்டால் பிஷப் ஸ்கோர், மொத்தம் 13. எட்டோ அதற்கு மேலோ வந்தால் வாய் தயார் என்று ட்ரிப்புக்குப் போவார்கள். ஆறும் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பக்குவப்படுத்தத்தான் பார்ப்பார்கள்.

பக்குவமான பிறகு வேலை வேகமெடுக்கும். குழந்தையின் தலை வாயை அழுத்தும், அந்த இழுவை நரம்பு வழியாக மூளைக்குப் போகும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இன்னும் ஆக்சிடோசினை விடும், வலி கூடும், தலை மறுபடி அழுத்தும். ராத்திரி உங்களுக்கு வந்தது பெரும்பாலும் சூட்டு வலியாக, அதாவது பொய் வலியாக இருக்கும். வாயை விரிக்கிற வலி என்றால் இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

இரண்டு பிள்ளை அம்மா:
எனக்கு இதற்கு நேர்மாறு. இரண்டாவது குழந்தைக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றார்கள். தினமும் ராத்திரி உள்ளே வைக்கிற புரொஜெஸ்டிரோன் 200 மில்லிகிராம், 36 வாரம் வரை. காலையில் வெள்ளையாக வழியும், பேட் இல்லாமல் முடியாது. இதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! சிஸ்டர், என் உடம்பில் அந்த ஹார்மோன் குறைவு என்றுதானே அர்த்தம்?

லேபர் ரூம் சிஸ்டர்:
அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆடுகளில் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும், பிரசவம் தொடங்கும். மனிதர்களில் வலி தொடங்கும்போதும் அளவு குறைவதில்லை. கருப்பையும் அதன் வாயும் அதற்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகின்றன. அதனால் ரத்தப் பரிசோதனையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனில் நீளம் அளந்துதான் பார்க்கிறார்கள். உங்களுக்கு உள்ளே வைத்தது வாய் சீக்கிரம் இளகிவிடாமல் காக்க.

நிறைமாதக்காரி:
இப்போது தெளிவாகிவிட்டது சிஸ்டர். ஜெல் வைத்ததும் எழுந்து நடக்கலாமா? ட்ரிப் உடனே ஏற்றுவார்களா?

லேபர் ரூம் சிஸ்டர்:
வைத்ததும் அரை மணி நேரமாவது படுத்திருக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மருந்து வெளியே வந்துவிடும். குழந்தையின் துடிப்பையும் அப்போது பார்ப்பார்கள். அப்புறம் அவர்கள் சரி என்றால் நடக்கலாம். ஜெல்லுக்கும் ட்ரிப்புக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் விடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கும். வயிற்றில் முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் ஜெல் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கருப்பையில் தழும்பு இருந்தால் முறையே மாறும்.

இன்றிரவு லேசான ரத்தக்கோட்டோடு சளி கட்டியாக வந்தால் பயப்படாதீர்கள், அடைத்திருந்த சளி விலகுகிறது, அவ்வளவுதான். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் தனியாகப் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ நாளைக் காலை வரை பார்க்க வேண்டாம், உடனே கிளம்பிவிடுங்கள்.