அந்தமான்காரர்களுக்கு நாய்த்தலை எங்கிருந்து வந்தது?

வணக்கம். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தமான் பற்றிப் பேச வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன்.

1298-இல் ஜெனோவா சிறையில் இருந்தபடி மார்க்கோ போலோ சொல்லி எழுதவைத்த நூலில், அந்தமான் மக்களுக்கு நாயின் தலை, பல், கண் என்று வருகிறது. பிடிபடும் வெளியாரைத் தின்பார்களாம். தானே தீவில் இறங்கிப் பார்த்ததாக அந்தப் பகுதியில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் நூறு வருடம் கழித்துப் பாரிஸில் தயாரான ஒரு கையெழுத்துப் பிரதியில் நாய்த்தலை வியாபாரிகளை நல்ல உடை உடுத்தி வரைந்தே விட்டார்கள். நரமாமிசப் பழி இன்னும் நீண்டது. 1880களில் எட்வர்ட் ஹொரேஸ் மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கேயே வாழ்ந்து பார்த்து, அதற்குத் தடயமே இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் மனிதர்கள்மேல் இத்தனை காலம் ஒட்டிய பொய் இது. அதனால்தான் சரியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இதுவரை பார்த்தவை: போலோ நூலுக்கு ஹென்றி யூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அடிக்குறிப்புகளும். 851-ஆம் ஆண்டு அரபுக் குறிப்பில் மனிதரைத் தின்பதும் சுருட்டை முடியும் உண்டு, நாய்த்தலை இல்லை. கிரேக்க மருத்துவர் க்டீசியஸ் நாய்த்தலையரை இந்திய மலைகளில் வைக்கிறார், தீவில் அல்ல. அப்புறம் இத்தாலியத் துறவி ஒடோரிக், மொராக்கோப் பயணி இப்னு பதூதா இருவரும் இந்தப் பக்கத்துக் கடலில் நாய்முகத்தாரைச் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே போலோவுக்குப் பிந்தியவர்கள்.

போலோவுக்கு முன்பே வங்கக்கடல் தீவு எதிலாவது நாய்த்தலை மனிதர் இருப்பதாகச் சொல்லும் அரபு, பாரசீக அல்லது சீன நூல் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?