சாக்கெட்டுக்கு என்ன சொல்: செருகுவாயா, தாங்கியா, மணையா?

வணக்கம்.

பழைய மேசைக்கணினிக்கு மாற்றுத் தாய்ப்பலகை தேர்ந்தெடுக்கும் கையேட்டின் வரைவைப் படித்தேன். செயலி (பிராசசர்) உட்காரும் சாக்கெட்டுக்கும் செருகுவாய், ரேம் ஸ்லாட்டுக்கும் செருகுவாய், யூஎஸ்பி போர்ட்டுக்கும் செருகுவாய் என்று ஒரே சொல் மூன்று இடத்தில் வருகிறது. "செருகுவாய் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்" என்ற வரியைப் படிப்பவர் பலகையில் எங்கே தேடுவார்?

ரேமுக்கு அந்தச் சொல் பொருந்தும். வெட்டுப்பள்ளம் பார்த்து நிறுத்தி, இரு முனையிலும் அழுத்தி, கொக்கி 'டக்' என்று விழும்வரை செருகத்தான் செய்கிறோம். போர்ட்டுக்குத் 'துறை' இருக்கிறது. ஆனால் இன்டெல் சாக்கெட்டில் செருக ஒன்றுமே இல்லை. எல்ஜிஏ 1155 என்ற இன்டெல் சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2011, 2012இல் வந்த ஐ5-2400, ஐ5-3470 போன்ற செயலிகள் உட்காரும் இடம் அது. 1155 ஊசிகளும் பலகையில்தான் இருக்கின்றன. செயலியின் அடியில் தட்டையான தொடுபுள்ளிகள் மட்டுமே. ஓரப் பள்ளங்களைச் சரிபார்த்து, நேராக மேலிருந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அழுத்துவது நெம்புகோலின் வேலை. 'செருகு' என்று படித்தவர் விரலால் அழுத்துவார், கொஞ்சம் நகர்த்தியும் பார்ப்பார். ஊசி வளைந்துவிடும். ஓர் ஊசி வளைந்தாலே ரேமின் ஒரு சேனல் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு பாதை) செத்துப்போகலாம்: இரண்டு 4 ஜிபி போட்டும் 4 ஜிபிதான் காட்டும். குறை ரேமில் என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

'தாங்கி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதைப் பலகைக்கு அடியில் வரும் பித்தளை ஸ்டாண்டாஃபுக்கு விட்டுவிடலாம். உண்மையில் தாங்குவது அதுதான். அதற்குக் கையேட்டில் தனிப்பத்தியும் வேண்டும். 305×244 மி.மீ. ஏடிஎக்ஸ் பலகையைக் கழற்றிய பெட்டியில் 244×244 மைக்ரோ ஏடிஎக்ஸ் வைக்கும்போது, துளைக்கு நேரில்லாத தாங்கி ஒன்று மிச்சமிருந்தாலும் பலகையின் பின்புற ஈயப்பற்றில் முட்டி ஷார்ட் ஆகலாம்.

சாக்கெட்டுக்கு 'மணை' என்று முன்மொழிகிறேன். மணமக்களை உட்கார வைக்கும் அதே மணை: தட்டையானது, அளவானது, உட்காருவதற்கென்றே உள்ளது. செயலிமணை, மணை எண், மணைமூடி என்று கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன.

* * *

> சாக்கெட்டுக்கு 'மணை' என்று முன்மொழிகிறேன்.

வணக்கம் ஐயா. சொல் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகள்.

ஒன்று, மணை, மனை. தட்டச்சில் ஒரு சுழி குறைந்தால் வீட்டுமனை விளம்பரம் ஆகிவிடும். இரண்டாவது, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி. அதன் ஏஎம்4 சாக்கெட்டில் 1331 ஊசிகளும் செயலியில் இருக்கின்றன, பலகையில் துளைகள். அங்கே 'செருகு' சரிதானே?

இன்னொன்றும் உண்டு, சொல்லைவிட இதுதான் எனக்குக் கவலை. "மணை எண் ஒன்றாக இருந்தால் போதும்" என்று வாசகர் நம்பிவிடக் கூடாது. எல்ஜிஏ 1151 என்ற பெயரில் 2015இல் வந்ததும் 2017இல் 300 வரிசைப் பலகைகளோடு வந்ததும் கண்ணுக்கு ஒன்றே. எட்டாம் தலைமுறை ஐ3-8100ஐ முந்தைய 1151இன் எச்110 பலகையில் வைத்தால் அழகாக உட்காரும், கணினி எழாது.

* * *

வணக்கம்.

ஏஎம்4இலும் செருகக் கூடாது. நெம்புகோலை நேராக நிமிர்த்தி, பொன் முக்கோணத்தைக் குறியோடு சேர்த்து வைத்தால் செயலி தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் ஏதோ ஓர் ஊசி கோணலாக இருக்கிறது, அழுத்தினால் முறியும். ஆக, மணை இரண்டுக்கும் நிற்கும். எழுத்துப்பிழைக்கு அஞ்சுவதாயின் 'செயலிமணை' என்றே முழுதாக எழுதுவோம். சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் கேட்கப் போகிறவருக்காக, முதல் இடத்தில் 'கடையில் சாக்கெட் எனப்படும் செயலிமணை' என்று இருக்கட்டும்.

1151 பற்றிச் சொன்னது மிக முக்கியம். 'பொருத்தம்' என்ற ஒரே சொல்லை வரைவு இரண்டு வேலைக்கும் வைத்திருக்கிறது. பிரித்துவிடலாம்: உட்கார்ந்தால் 'பொருந்தும்', எழுந்து ஓடினால் 'இயையும்'. ஐ3-8100 எச்110இல் பொருந்தும், இயையாது. ஐ5-3470, எச்61 சில்லுத்தொகுதி (சிப்செட்) உள்ள 1155 பலகையில் பொருந்தும். பயாஸ் (கணினியை எழுப்பும், பலகையிலேயே உள்ள மென்பொருள்) புதிதாக இருந்தால் மட்டுமே இயையும். பயாஸ் பழையது என்றால், அதைப் புதுப்பிக்கவே ஐ5-2400 போன்ற முந்தைய தலைமுறைச் செயலி ஒன்றைக் கடன் வாங்கிப் போட வேண்டியிருக்கும். ஆகவே 3470 வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை பி75 சில்லுத்தொகுதிப் பலகை. அது அந்தத் தலைமுறைக்கென்றே வந்தது. சில்லுத்தொகுதியிலேயே யூஎஸ்பி 3.0 உண்டு, எஸ்எஸ்டிக்கு 6 கிகாபிட் சாட்டா துறை ஒன்றும் உண்டு. எச்61இன் சில்லுத்தொகுதியில் இரண்டும் இல்லை.

மின்வழங்கிக்கும் இதே பிரிவு உதவும். பெருநிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் 24 ஊசிச் செருகிக்குப் பதில் அவர்களுக்கே உரிய செருகி வரும். கடைப்பலகையில் அது பொருந்தாது. செயலியைக் குளிர்விக்கும் காற்றாடியில் சிக்கல் குறைவு: 1156, 1155, 1150, 1151 என்ற நான்கு இன்டெல் மணைகளிலும் துளை இடைவெளி 75 மி.மீ. அவற்றுக்கு முந்தைய 775இன் காற்றாடி 72 மி.மீ.; மாட்டாது.

பயன்படுத்திய பலகை வாங்குவோருக்கு ஒரு வரி சேருங்கள். மணைமூடியைக் கழற்றச் சொல்லி, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஊசி நுனிகள் வரிவரியாக ஒரே சீராக மின்னும். வளைந்தது வரிசை தப்பித் தெரியும். மூடி இல்லாமல் வரும் பலகையை வாங்க வேண்டாம்.

பெட்டியின் முன்புற பவர் சுவிட்ச், விளக்குகளின் மின்கம்பிகள் மாட்டும் இடத்துக்கு 'ஊசிவரிசை' என்று எழுதியிருக்கிறேன். பவர் சுவிட்சை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும்; எல்இடி விளக்குகளுக்குத்தான் நேர், எதிர் பார்க்க வேண்டும். பழைய பலகையைக் கழற்றும் முன் அதன் பயாஸில் சாட்டா முறை (வட்டோடு பலகை பேசும் முறை) ஐடிஇயா ஏஹெச்சிஐயா என்று குறித்துக்கொள்ளச் சொல்வதும் விடுபட்டிருக்கிறது. புதியதில் அது மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். பலகை பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

'ஊசிவரிசை'க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மற்ற சொற்களை வரைவில் மாற்றத் தொடங்குகிறேன்.