ஊர்ப் பணத்தை நார்வேக்காரன் மாதிரி வைத்துக்கொள்ள முடியுமா?

பணகுடி மேற்கு:
எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பொதுவில் கிடந்த பொட்டல் காட்டைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விட்டோம். முன்பணம் மொத்தமாக வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊர்க்கூட்டம் என்றாலே சண்டைதான். இளவட்டங்களுக்கு இந்த வருஷக் கொடைத் திருவிழாவில் வானவேடிக்கை, கச்சேரி எல்லாம் வேண்டும். பெரியவர்கள் கோயில் முன்மண்டபம் என்கிறார்கள். ஒருத்தர் நைசாக, 'என்னிடம் கொடுங்கள், மூணு வட்டி தருகிறேன்' என்கிறார். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் எல்லோருக்கும் நான்தான் எதிரி. நார்வே எண்ணெய்ப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதாகக் காலேஜில் படிக்கும் மகள் சொன்னாள். அது எப்படி நடக்கிறது? சாவி யார் கையில்?

பாளை கூட்டுறவு (ஓய்வு):
அண்ணாச்சி, தொடவே இல்லை என்பது சரியில்லை. வருஷா வருஷம் எடுக்கிறார்கள், அளவோடு எடுக்கிறார்கள். 1969இல் கடலில் எண்ணெய் கிடைத்தது, அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்கும் நிதிக்கான சட்டம் வந்தது 1990இல், முதல் பணம் போட்டது 1996இல். அசலைத் தின்னக்கூடாது, நிதி சராசரியாக ஈட்டும் என்று எதிர்பார்க்கும் அளவுதான் பட்ஜெட்டுக்கு என்று 2001இல் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது 4 சதவீதம். 2017இல் 3 ஆக்கினார்கள். கெட்ட வருஷத்தில் கொஞ்சம் கூட எடுப்பார்கள், நல்ல வருஷத்தில் குறைப்பார்கள்.

சாவி ஒருத்தர் கையில் இல்லை. பணம் மக்களுடையது, பொறுப்பு நிதி அமைச்சகத்துக்கு. பங்கில் எவ்வளவு, கடன் பத்திரத்தில் எவ்வளவு என்ற பெரிய முடிவு நாடாளுமன்றத்துக்குப் போய்த்தான் வரும். வாங்குவது விற்பது மத்திய வங்கியின் தனிப் பிரிவு. எந்தக் கம்பெனியில் பணம் போடக்கூடாது என்று யோசனை சொல்ல 2004 முதல் தனிக்குழு இருக்கிறது. சிகரெட் கம்பெனிகள் அப்படித்தான் வெளியே போயின.

முக்கியமானது, அந்தப் பணத்தை நார்வேக்குள் முதலீடு செய்வதில்லை. உங்கள் ஊரில் பணம் வந்த மாதமே கொத்தனார் கூலி ஏறியிருக்குமே? அதே கதைதான் நாட்டுக்கும். உள்ளூரில் கொட்டினால் விலையும் கூலியும் ஏறி மற்ற தொழில் படுத்துவிடும்.

2008இல் நிதி 23 சதவீதம் நஷ்டம் காட்டியது. பயந்து விற்கவில்லை, விலை இறங்கிய பங்குகளை மேலும் வாங்கினார்கள். நான் இருந்த கிளையில் ஒரு மாதம் வட்டி குறைந்தாலே வாசலில் கூட்டம் நிற்கும்!

கடையநல்லூர்–சிங்கை:
இங்கே சிங்கப்பூரில் தெமாசெக் (1974), ஜிஐசி (1981) என்று இரண்டு அரசு முதலீட்டு நிறுவனங்கள். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் மலேசியாவிலிருந்து வர வேண்டிய ஊர். முன்னாலிருந்த அரசுகள் சேர்த்ததை இப்போதைய அரசு எடுக்க வேண்டுமென்றால், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சம்மதிக்க வேண்டும். அதிபர் கையில் அது இரண்டாவது சாவி. இரண்டு நிறுவனங்களின் இயக்குநர்களைப் போடவும் அவர் ஒப்புதல் வேண்டும். 2009 நெருக்கடியில்தான் முதல் தடவை திறந்தார்கள். அப்போது நிதியமைச்சர் தர்மன், சம்மதித்த அதிபர் எஸ்.ஆர்.நாதன். இரண்டு பேரும் தமிழர்கள் என்று எங்கள் டீக்கடையில் ஒரே பெருமை. எடுத்ததை 2011இல் திருப்பி வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

பாளை கூட்டுறவு (ஓய்வு):
மறுபக்கம் மலேசியாவின் ஒன்எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனம். 2009இல் தொடங்கியது. மிச்சப் பணத்தில் தொடங்கவில்லை, பெரும்பாலும் கடன். அப்போதைய பிரதமர் நஜிப்தான் நிதியமைச்சர், ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. சுமார் 450 கோடி டாலர் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. உங்கள் கமிட்டியில் பொருளாளர் யார்?

பணகுடி மேற்கு:
தலைவருடைய மச்சினன், அண்ணாச்சி. இப்போதுதான் உறைக்கிறது.

நேற்றுக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். 'நார்வேயில் அம்மன் கொடை உண்டா' என்று ஒருத்தன் கேட்டான், சிரிப்பு அடங்கவே அரை மணி நேரம். ஆனாலும் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியை மட்டும் எடுப்பது, செக்கில் மூன்று தெருவுக்கும் ஒவ்வொருவர் கையெழுத்து என்று முடிவானது. இருப்பை மாதாமாதம் சாவடிச் சுவரில் எழுத வேண்டும். மூணு வட்டிக்காரர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். வானவேடிக்கைக்கு இந்த வருஷமும் வழக்கம்போல வீட்டு வரிதான்.