ஆந்துவான் துவனெல்: முதல் படத்தோடு நிறுத்தியிருக்க வேண்டுமா?

முகிலன்:
பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, ஆந்துவான் துவனெல் என்ற ஒரே பாத்திரத்தை வைத்து எடுத்த ஐந்து படங்களையும் பார்த்து முடித்தேன். 1959இல் வந்த 'தி 400 ப்ளோஸ்' முடிவில், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடிய பையன் கடலில் கால் நனைத்துவிட்டு நம் பக்கம் திரும்புகிறான். படம் அப்படியே உறைந்துவிடுகிறது. அதோடு விட்டிருக்க வேண்டும். 1968இல் அவனைச் செருப்புக் கடையில் துப்பறிய விட்டு, அப்புறம் கல்யாணம் செய்துவைத்து, 1979இல் விவாகரத்தும் வாங்கிக் கொடுத்து, அவன் வலியையே கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள்.

பிரமிளா:
வலி எங்கேயும் போய்விடவில்லை, முகிலன். 1962 குறும்படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். ஆந்துவான் காதலிக்கும் கோலெத்தை இன்னொருவன் வந்து வெளியே அழைத்துப் போகிறான். ஆந்துவான் அவளுடைய அப்பா அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறான். அம்மா செத்துப்போனதாகப் பள்ளியில் பொய் சொன்ன பையன் தேடுவது காதலியை மட்டுமா? அடுத்த படத்திலும், பின்னால் அவன் மனைவியாகப் போகிற கிறிஸ்தீன் ஊரில் இல்லாதபோது அவளைப் பெற்றவர்கள்தான் அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள்.

முகிலன்:
சரி, அதற்காக அவளுக்குத் துரோகம் செய்யலாமா? நான்காவது படமான 'பெட் அண்ட் போர்டி'ல் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொருத்தி பின்னால் போகிறான். படம் அதை விளையாட்டாகக் கடக்கிறது.

பிரமிளா:
எங்கே கடக்கிறது? டாக்ஸியில் கிறிஸ்தீனிடம் "நீ என் தங்கை, என் மகள், என் அம்மா" என்று உருகுகிறான். உன் மனைவியாகவும் இருக்கத்தான் ஆசைப்பட்டேன் என்கிறாள் அவள். அந்த ஒரு பதிலில் அவன் குறை மொத்தமும் வெளிவந்துவிடுகிறது.

செந்தில்:
ஐந்தாவது படம் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியதுதான், அதில் முகிலன் பக்கம். த்ரூஃபோவுக்கே அதில் திருப்தி இல்லை. ஆனால் 14 வயதில் ஆந்துவானாக நடிக்க வந்த லியோவை 34 வயதிலும் அதே பாத்திரத்தில் பார்ப்பது வேறு எங்கே கிடைக்கும்? முதல் படத்தில் ஆந்துவானின் அம்மாவை நடுத்தெருவில் முத்தமிட்ட காதலரே கடைசிப் படத்தில் அவனை அவள் கல்லறைக்குக் கூட்டிப் போகிறார். உன்மேல் அவளுக்குப் பாசம் இருந்தது என்கிறார். 20 வருடம் காத்திருந்தால்தான் அந்தக் காட்சியை எடுக்க முடியும்.

முகிலன்:
எனக்கு உறுத்துவதே அந்தக் காட்சிதான், செந்தில். சீர்திருத்தப் பள்ளிக்கு நேரில் வந்து, உன் அப்பாவுக்கு இனி உன்மேல் அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவள் அந்த அம்மா. அவளுக்காகப் பரிந்து பேச அவளுடைய காதலர்தான் வர வேண்டுமா?

பிரமிளா:
அவளைத் தெரிந்தவர் வேறு யார் மிச்சம் இருக்கிறார்கள்?