யாழ்ப்பாணக் காலநிலையும் கனடாக் காலநிலையும்: ஜக்கெற்றுக்கு அப்பால் தெரிந்திருக்க வேண்டியவை

கொக்குவில் – ஸ்காபரோ

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்லுவது ஜக்கெற், பூட்ஸ் பற்றித்தான். அது ஒரு பின்னேரம் கடைக்குப் போனால் முடிகிற காரியம். ஊர்க் காலநிலையில் வளர்ந்தவர்களை இங்கே மாதக்கணக்கில் அலைக்கழிப்பது காற்றின் வறட்சியும் வெளிச்சத்தின் அளவும். வீடு, கார், தோட்டம் எதுவானாலும் சரி, தெரிந்தவர்கள் செய்முறையோடு எழுதுங்கோ. பெயருக்குப் பதிலாகச் சொந்த ஊரையும் இப்போது இருக்கும் இடத்தையும் மேலே போடுங்கோ.

அடிப்படைக் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தைச் சுற்றிவரக் கடல். அதனால் மிகக் குளிரான மாதத்தின் சராசரிக்கும் மிகச் சூடான மாதத்தின் சராசரிக்கும் 4 பாகை (செல்சியஸ்) அளவுதான் வித்தியாசம். ரொறன்ரோவில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் 25 பாகைக்கு மேல். ஊரில் வருஷத்தைப் பிரிப்பது மழை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசினால் வரட்சி, வாடை (வடகிழக்குக் காற்று) திரும்பினால் மாரி. வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ரொறன்ரோவில் வருஷத்துக்கு 800 மில்லிமீற்றர் அளவு, அது மழையாகவோ ஸ்னோவாகவோ பன்னிரண்டு மாதத்துக்கும் பரவி விழுகிறது. இங்கே வருஷத்தைப் பிரிப்பது வெப்பமும் வெளிச்சமும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ரொறன்ரோவில் ஜூன் பகல் பதினைந்தரை மணித்தியாலத்தைத் தொடும், டிசம்பர்ப் பகல் ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு.

சாவகச்சேரி – மார்க்கம்

வீட்டு ஹீற்றிங் பக்கம் நான் எழுதுகிறேன். வறட்சி ஏன் வருகிறது என்று விளங்கினால்தான் சரியான மருந்து கிடைக்கும். வெளியில் −15 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று அறிக்கை சொல்லும். அதைப் பார்த்து ஈரக்காற்று என்று நினைக்கக் கூடாது. அந்தக் குளிரில் காற்று கொள்ளக்கூடிய நீராவியே கொஞ்சம். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதன் 6 வீத அளவுக்கு விழுந்துவிடும். சமையலும் குளியலும் மூச்சும் சேர்ந்து அதை 20, 25க்குக் கொண்டுவரும். ஊரில் 80 வீதத்தை ஒட்டிய காற்றில் வளர்ந்தவர்களுக்கு மூக்கால் இரத்தம் வருவதும் கால் தோல் வெடிப்பதும் இதனால்தான். தேர்மோஸ்ரற்றை (வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் கருவி) கூட்டினால் வறட்சி இன்னும் கூடும்.

முதலில் ஒரு ஈரமானி வாங்கி நடு வீட்டில் வையுங்கோ. சின்ன விலைதான். ஃபேர்னஸில் (வீட்டுக்குச் சூட்டுக்காற்று அனுப்பும் கருவி) ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) இருந்தால் அதன் உள்தட்டை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மாற்ற வேணும். சுண்ணாம்பு படிந்த தட்டில் தண்ணீர் ஊறாமல் வழிந்து ஓடிவிடும், மெஷின் ஓடும், ஈரம் ஏறாது. அளவு வெளிக்குளிரைப் பொறுத்தது. வெளியில் 0 பாகை என்றால் உள்ளே 40 வீதம், −10க்கு 30, −20க்கு 20 முதல் 25. வெளியில் −20 இருக்கும்போது உள்ளே 40 வைத்தால் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோர்த்து, சட்டத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் வீடுகளில் இது கூடுதலாக நடக்கக் காரணம் புட்டும் இடியப்பமும் சோறும். எல்லாம் ஆவி. அடுப்பு மூட்டுவதற்கு முன்னமே விசிறியைப் போட்டு, சமையல் முடிந்து 15 நிமிஷம் ஓட விடுங்கோ. அந்த விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி குசினிக்குள்ளேயே விடுகிறதா என்று பார்க்க வேணும். பழைய வீடுகளிலும் வாடகை பேஸ்மென்ற்களிலும் (நிலக்கீழ்த் தளம்) பல விசிறிகள் இரண்டாவது வகை. வெளிச்சுவரில் மூடி போட்ட துவாரம் இருந்து, விசிறி ஓடும்போது அந்த மூடி அசைந்தால் சரி.

பேஸ்மென்றில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கோ. கோடையில் கணக்குத் தலைகீழாக மாறும். ஊரில் புழுக்கம் என்றால் யன்னலைத் திறப்போம், அது அங்கே சரி. இங்கே ஜூலைக் காற்று குளிர்ந்த நிலக்கீழ்ச் சுவரில் பட்டால் சுவர் வேர்க்கும். அந்த மாதங்களில் யன்னலைச் சாத்தி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை 50 வீதத்தில் ஓடவிட வேணும். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கோ. துவைத்த உடுப்பை உள்ளே கொடி கட்டிக் காயவிட்டால் மற்றதெல்லாம் செய்தும் பிரயோசனமில்லை.

மானிப்பாய் – பிரம்டன்

அண்ணை ஈரத்தைச் சொல்லிவிட்டார், நான் தோலைச் சொல்கிறேன். சுடுதண்ணியில் நெடுநேரம் குளிப்பதுதான் வின்ரரில் தோலைக் கெடுக்கிற முதற் காரியம். இளஞ்சூடு, பத்து நிமிஷத்துக்குள், சவர்க்காரம் தேவையான இடத்துக்கு மட்டும். துவாயால் ஒத்தி எடுத்து, ஈரம் காயுமுன்னே வாசனை சேர்க்காத கிறீம் அல்லது வாஸ்லீன் பூச வேணும். காய்ந்த தோலில் பூசினால் பாதிப் பலன்தான். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும் என்பதால் 21 பாகை வீட்டில் எப்போதும் கட்டியாகவே இருக்கும். அது பழுதானதில்லை.

வைற்றமின் டி பற்றி: நவம்பர் முதல் பெப்ரவரி வரை ரொறன்ரோவில் சூரியன் தாழ்வாக நிற்பதால் தோலில் அது உற்பத்தியாகத் தேவையான கதிர் போதிய அளவு வந்து சேராது. கருமையான தோலுக்கு வெயில் காலத்திலும் கூடுதல் நேரம் தேவை. 1 முதல் 70 வயது வரை நாளுக்கு 600 அலகு (IU), 70க்கு மேல் 800, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 400 என்பது பரிந்துரை. இது பாலிலும் மீனிலும் கிடைப்பதையும் சேர்த்த கணக்கு. அதற்கு மேல் போவதென்றால் இரத்தப் பரிசோதனையோடு குடும்ப வைத்தியரைக் கேளுங்கோ.

இன்னொன்று, தோசை மா. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடியப் பொங்கியிருக்கும். இங்கே வின்ரரில் ஓவனுக்குள் லைற்றை மட்டும் போட்டு, சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் 12 மணித்தியாலம் வையுங்கோ. ஓவன் கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவிடுங்கோ. வீட்டில் வேறு யாரும் தெரியாமல் ஓவனைப் போட்டுவிடுவது வழமை.

கரவெட்டி – எட்மன்டன்

விண்ட்சில் என்பது காற்று சேர்ந்தால் திறந்த தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்ற கணக்கு. −10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் அது −20 ஆகத் தெரியும். −20இல் 40 கிலோமீற்றர் காற்றென்றால் −34. இந்தக் கணக்கு −28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையலாம், −40க்குக் கீழே 5 முதல் 10 நிமிஷம். முதலில் போவது காது மடல், மூக்கு நுனி, விரல் நுனி. வெளிறி மரத்துப்போன இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஸ்னோவால் தேய்ப்பது இன்னும் மோசம். உள்ளே வந்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணியில் வைக்க வேணும். நிறம் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரி.

உடம்போடு ஒட்டும் உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. ஊரில் வேர்வையை உறிஞ்சுகிறதென்று பருத்தி உடுத்தோம். இங்கே அதே குணம்தான் ஆபத்து, நனைந்த துணி சூட்டை இழுத்துவிடும். பூட்ஸை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கோ. இரண்டு சொக்ஸ் போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று கால் முன்னரே விறைக்கும்.

கார்: −18இல் பற்றரிக்கு ஏறக்குறையப் பாதிப் பலம்தான் மிஞ்சும். −15க்குக் கீழே போகிற இரவென்றால் எஞ்சினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றரை ரைமர் வைத்துப் புறப்பட 3, 4 மணித்தியாலம் முன்னர் ஓடவிடுங்கோ, இரவு முழுக்கத் தேவையில்லை. ஸ்னோ கொட்டிய காலையில் எஞ்சினை ஸ்ராட் பண்ணுமுன் புகைக்குழாய் வாயைத் தோண்டி விடுங்கோ. அது அடைபட்டால் புகை காருக்குள்தான் வரும், அதிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

அளவெட்டி – மொன்றியல்

எட்மன்டன் அண்ணை சொன்னது உலர்ந்த கடுங்குளிர். கிழக்கில் ஆபத்து 0 பாகைக்குப் பக்கத்தில். மேலே சூடான காற்றுத் தட்டு, நிலத்தருகில் மெல்லிய குளிர்த் தட்டு இருந்தால் மழை மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். 1998 ஜனவரியில் மொன்றியலிலும் 2013 டிசம்பரில் ரொறன்ரோவிலும் லட்சக்கணக்கானோர் கரண்ட் இல்லாமல் இருந்தது இந்த உறைமழையால். வின்ரரில் கரண்ட் போனால் ஃபேர்னஸும் நிற்கும். அப்போது காஸ் பார்பிக்யூவையோ கரி அடுப்பையோ உள்ளே கொண்டுவரவே கூடாது.

படிக்கு உப்பு போடுவதிலும் கணக்கு உண்டு. சாதாரணக் கல்லுப்பு −10 அளவோடு வேலையை நிறுத்திவிடும். அதற்குக் கீழே கல்சியம் குளோரைட் வாங்க வேணும். ஸ்னோவை வழித்த பிறகுதான் போட வேணும். குவியலுக்கு மேலே கொட்டினால் உருகி, ராவைக்கு ஐஸ் ஆகும்.

ரயர்: 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். பக்கச் சுவரில் மூன்று மலைச்சிகரமும் ஸ்னோப் பூவும் பொறித்தது வேணும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம்.

வெயிலையும் லேசாக எடுக்கக் கூடாது. '32 பாகையா, ஊரில் காணாத வெயிலா' என்று பெரியவர்கள் ஏசி இல்லாமல் மேல்மாடியில் இருக்கிறார்கள். ஊர் வீடு ஓட்டுக் கூரையும் முற்றமும் காற்றோட்டமுமாகக் கட்டியது. இங்கே வீடு சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியது, இரவிலும் இறங்காது. 2021 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிற்றனில் 49.6 பாகை பதிவானது, யாழ்ப்பாணம் கண்டிராத சூடு. அந்த வெப்ப அலையில் அந்த மாகாணத்தில் 619 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வீட்டுக்குள்.

புங்குடுதீவு – ஏஜக்ஸ்

தோட்டக்காரருக்கு முக்கியமான வித்தியாசம் பகலின் நீளம், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காலக்கணக்கு. ஏறக்குறைய ஐந்து மாதம் உறைபனி இல்லை, அதற்குள் விதைத்து எடுக்க வேணும். மிளகாய் பெப்ரவரிக் கடைசியில், கத்தரி மார்ச் நடுவில், பாகலும் புடோலும் ஏப்ரல் கடைசியில், எல்லாம் வீட்டுக்குள். பாகல் விதையின் கூர் ஓரத்தை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஓரிரவு ஊறவைத்து, தனித்தனிச் சட்டியில் போடுங்கோ. வேர் குழம்பினால் அது தேறாது. மே நீண்ட வார இறுதியில் (விக்டோரியா தின விடுமுறை) எல்லாரும் நடுகிறார்கள். அது தக்காளிக்குச் சரி. எங்கள் கொடிகளுக்கு இரவு 12 பாகைக்கு மேல் நிற்க வேணும், அதாவது ஜூன் முதல் வாரம். அவசரப்பட்டு வைத்த கன்று மஞ்சளடித்து அப்படியே நிற்கும், பிந்தி வைத்தது அதை முந்திவிடும். நடுமுன் ஒரு கிழமை நிழலில் வைத்துப் பழக்குங்கோ.

இனி, ஊரிலிருந்து கொண்டுவந்த சிறகவரை, அவரை. கொடி பந்தலை மூடும், பூ வராது. பசளை குறைவென்று இன்னும் போடுவார்கள், கொடி இன்னும் தழைக்கும். காரணம், அவை பகல் குறுகினால்தான் பூக்கிற இனம். ஊரில் பகல் எப்போதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் இது தெரிய வராது. இங்கே செப்ரெம்பர் கடைசியில்தான் பகல் 12க்கு இறங்கும், பூக்கத் தொடங்க ஒக்ரோபர் உறைபனி வந்துவிடும். பகல் நீளம் பாராத இன விதை என்று கேட்டு வாங்குங்கோ. இராசவள்ளியும் அப்படித்தான், பகல் குறுகும்போதுதான் கிழங்கு பருக்கும். நிலத்தில் வைத்து மினைக்கெட வேண்டாம். வெண்டி, பயற்றை, முளைக்கீரை தாராளமாக வரும்.

கொக்குவில் – ஸ்காபரோ

நன்றி. கறிவேப்பிலை ஒவ்வொரு வின்ரரும் இலை கொட்டுகிறது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு என்ன செய்யலாம் அக்கா?

புங்குடுதீவு – ஏஜக்ஸ்

கொட்டுவது இயல்பு தம்பி, வெளிச்சம் குறைந்தால் மரம் ஓய்கிறது. கொல்லுவது அதற்குப் பிறகு ஊற்றுகிற தண்ணீர். செப்ரெம்பர் நடுவில் இரவு 12 பாகைக்கு இறங்குமுன் உள்ளே எடுங்கோ. எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைக் குழாயால் அடித்துக் கழுவி, பூச்சிச் சவர்க்காரம் தெளியுங்கோ. மார்க்கம் அண்ணை சொன்ன அந்த வறட்டுக் காற்றில்தான் செஞ்சிலந்திப் பேன் பெருகும். தெற்கு யன்னல், ஃபேர்னஸ் காற்று நேரே படாத இடம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். நவம்பர் முதல் பெப்ரவரி வரை பசளை வேண்டாம். மார்ச்சில் துளிர் தெரிந்ததும் நுனியைக் கிள்ளிப் பசளை தொடங்குங்கோ. ஜூனில் வெளியே வைக்கும்போது முதல் கிழமை நிழல், உடனே வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாகக் கருகும்.