டீசல் என்ஜினில் புரொப்பெல்லர்: 1,200 ஆர்பிஎம்மில் கப்ளிங் ரப்பர் பொடியாக உதிர்கிறது

சேதராப்பட்டு பட்டறை:
வணக்கம். ஸ்விஃப்ட் காரில் வந்த ஃபியட் 1.3 மல்டிஜெட் என்ஜின், 1,248 சிசி, 75 எச்பி. ஒற்றை இருக்கை விமானத்துக்கு ஒத்துவருமா என்று சோதனை மேடையில் ஓட்டுகிறோம். கிளட்ச் கிடையாது. ஃப்ளைவீலில் நேராக ஸ்பைடர் கப்ளிங் (நடுவில் நட்சத்திர வடிவ ரப்பர் வைத்த இணைப்பு), பிறகு 1.74:1 பல் பெல்ட் (என்ஜின் 1.74 சுற்றுக்கு புரொப்பெல்லர் ஒரு சுற்று), மர புரொப்பெல்லர். 2,000க்கு மேல் சீராக ஓடுகிறது. 1,100 முதல் 1,300 வரை கடகடவென்று சத்தம், ஸ்பைடர் ரப்பர் பொடியாக உதிர்கிறது. நிறுத்தும்போது மேடையே உதறுகிறது. டயல் கேஜில் பார்த்தால் தண்டுகளின் நேர்கோடு (அலைன்மென்ட்) 0.05 மி.மீ.க்குள் இருக்கிறது. இன்னும் கெட்டியான ஸ்பைடர் போடலாமா?

முதுநகர் மெரைன் டீசல்:
வேண்டாம் சார், அதுதான் ஆபத்து. நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 1,200 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 40. ஒரு பக்கம் ஃப்ளைவீல், மறுபக்கம் புரொப்பெல்லர், நடுவில் கப்ளிங் முறுக்கேறி முறுக்கு விடுகிறது. அந்த ஆட்டம் தானாக ஆடும் வேகமான இயல்பு அதிர்வெண்ணும் உங்களுக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கம் விழுந்திருக்கிறது. நாலு மடங்கு கெட்டியான ஸ்பைடர் போட்டால் ஒத்ததிர்வு (வெடிப்பும் இயல்பு அதிர்வெண்ணும் பொருந்தி ஆட்டம் பெருகுவது) 2,400 ஆர்பிஎம்முக்கு ஏறும். அங்கே முழுச் சுமை இருக்கும். ரப்பருக்குப் பதில் பெல்ட்டோ தண்டோ போகும்.

எதிர்ப்பக்கம் போங்கள். ஐடில் 1,000 என்றால் வெடிப்பு 33 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வு அதை 1.41ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 23க்கு, இறங்க வேண்டும்; அப்போதுதான் அதிர்வு பெருகாமல் குறையும். விறைப்பு (முறுக்கை எதிர்க்கும் கெட்டித்தன்மை) அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இப்போதைய விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். எங்கள் துறைமுகத்தில் படகு என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே போடும் ரப்பர் கப்ளிங் கிடைக்கும். ஆனால் விறைப்பு எண் தெரியாமல் கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்.

சேதராப்பட்டு பட்டறை:
நன்றி அண்ணா. விறைப்பை எப்படிக் கணக்கிடுவது?

முதுநகர் மெரைன் டீசல்:
புரொப்பெல்லரை இரண்டு சம நீளக் கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டு, லேசாகத் திருகி விட்டு அலைவு நேரம் எடுங்கள். எடை கிலோவில் × 9.81 × கயிற்று இடைவெளியில் பாதியின் இருமடி × அலைவு நேரத்தின் இருமடி, இதை 39.5 × கயிற்று நீளத்தால் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு. நீளமெல்லாம் மீட்டரில். அதை 1.74இன் இருமடியான 3.03ஆல் வகுத்தால்தான் கிராங்க் பக்க மதிப்பு.

உதாரணமாக புரொப்பெல்லர் 0.5 கிலோ·மீட்டர்² என்றால் கிராங்க் பக்கம் 0.165. ஃப்ளைவீலோடு கிராங்க் 0.15 என்று வையுங்கள். 40 ஹெர்ட்ஸுக்கு விறைப்பு ஒரு ரேடியனுக்குச் சுமார் 5,000 நியூட்டன் மீட்டர். 23க்கு 1,650 போல. உச்ச டார்க் 190இல் இது ஆறேழு டிகிரி முறுக்கும். அவ்வளவு முறுக்கைத் தாங்கும் கப்ளிங்காகப் பாருங்கள். மெர்சிடிஸ் கார் என்ஜினிலிருந்து வந்த தீலெர்ட் செஞ்சூரியன் என்ற விமான டீசல் என்ஜினிலும் கியர்பாக்ஸுக்கு முன்னால் கிளட்ச் வைத்தது இந்த அதிர்ச்சிக்காகத்தான்.

நிறுத்தும்போது வரும் உதறலுக்கு, காற்றுக் குழாயில் ஒரு மூடி வைத்து டீசலை நிறுத்தும் அதே கணத்தில் மூடுங்கள். அமுக்கம் குறைந்து மெதுவாக அடங்கும்.

லாஸ்பேட்டை வயரிங்:
மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். ஒரு இன்ஜெக்டர் (டீசல் பீய்ச்சும் உறுப்பு) மந்தமானால் அதனால் வரும் அதிர்வுத் தூண்டல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். அது 23 ஹெர்ட்ஸில் விழுவது 2,760 ஆர்பிஎம்மில், அதாவது பறக்கும்போது கடந்துபோகிற இடத்தில். மென்மையான கப்ளிங் போடுவதற்கு முன் ஸ்கேனரில் நாலு சிலிண்டரின் இன்ஜெக்டர் திருத்த மதிப்பையும் (சீராக ஓட என்ஜின் கணினி ஒவ்வொன்றுக்கும் கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு) பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உலோக புரொப்பெல்லரை இந்த மேடையில் மாட்டவே வேண்டாம். மரம் அதிர்வை விழுங்கும், அலுமினியம் சோர்ந்து வெடிக்கும். என்ஜின் ஓடும்போது புரொப்பெல்லர் சுற்றும் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.

என்ஜின் கணினியான ஈசியூவுக்கு இப்போதே தனி பேட்டரி வையுங்கள், நடுவில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு). 2007இல் ஜெர்மனியின் ஸ்பையரில் டிஏ-42 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானம் ஒன்று, பேட்டரி இறங்கிய நிலையில் கிளம்பி, சக்கரத்தை மடக்கியதும் வோல்டேஜ் சரிந்து இரண்டு டீசல் என்ஜினும் நின்றன. காமன் ரெயிலில் (இன்ஜெக்டரை மின்சாரத்தால் திறக்கும் டீசல் அமைப்பு) மின்சாரம் போனால் இன்ஜெக்டர் திறக்காது. நம்மூர் உப்புக் காற்றில் கிராங்க் சென்சார் கனெக்டர் பச்சை பூத்துவிடும். சீல் வைத்ததாகப் போட்டு டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவுங்கள்.